எல் போர்டு ஊர்வலம்

வாடிக்கையாளரின் மூக்கின்மேல் கண்ணாடி இடப்பக்கமாகச் சற்றே சாய்ந்து நின்றது. ஒரு காது மற்றதைவிட மேலே இருப்பவர்களுக்கு அப்படித்தான் நிற்கும். பாதி உலகத்துக்கு ஒரு காது மேலேதான் இருக்கிறது, கண்ணாடி போட வரும்வரை அது யாருக்கும் தெரிவதில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டும் பகுதியைச் சூட்டுக் காற்று மெஷினின் முன்னால் பிடித்தபடி பிளாஸ்டிக் இளகக் காத்திருந்தபோது போன் அடித்தது. திரையில் ‘டீச்சர்’ என்று வந்தது. அந்த எண்ணிலிருந்து இதுவரை அழைப்பு வந்ததில்லை. எப்போதோ ஒருமுறை ரிப்பேருக்குக் கண்ணாடி கொடுத்த வாத்தியார், தயாரானதும் தகவல் சொல்ல விட்டுப்போன எண் அது. அவருடைய போன் காரில் ஏதாவது இடுக்கில் விழுந்து கிடக்கும் என்பதால் மனைவியின் எண்ணைக் கொடுத்தார். அவருடைய இப்போதைய மனைவியின் எண்ணை.

“அக்கா,” என்றது குரல். “அவர் போயிட்டாருக்கா.”

“எங்க?” என்று கேட்டாள்.

நிஜமாகவே அப்படித்தான் கேட்டாள். அவரோடு வாழ்ந்த காலம் முழுக்க அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இவள் திருப்பிக் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். பழக்கம் விடவில்லை. எதிர்முனையில் டீச்சர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். “காலையில கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்கும்போதே. வண்டியிலயே. எனக்கு என்ன செய்யறதுன்னு ஒண்ணும் புரியலக்கா. நீங்க வர்றீங்களா?”

பிளாஸ்டிக் இளகியிருந்தது. அவள் அதை வளைத்து, வாடிக்கையாளரின் முகத்தில் மாட்டி, “இப்ப சரியா இருக்கா? காதுக்குப் பின்னாடி அழுத்துதா?” என்று கேட்டாள். அந்த அம்மாள் கண்ணாடி வழியாக அவளைத் தெளிவாகப் பார்த்துவிட்டு, “உனக்குத்தான் ஏதோ சரியில்ல. முதல்ல கிளம்பு, கதவை நான் இழுத்து விடறேன்,” என்றார்.

ஊரில் அவரை ‘பிரேக் வாத்தியார்’ என்பார்கள். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் சில நாட்கள் வண்டியை ஓட்டச் சொல்லித்தரவே மாட்டார், நிறுத்தத்தான் சொல்லித்தருவார். ஆனால் அவருக்குத்தான் ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அதிலும் சாவு வீடு என்றால் கேட்கவே வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும், சான்றிதழ் எங்கே வாங்க வேண்டும், மயானத்தில் யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் வரும். ஒரு கையில் தட்டும் ஒரு கையில் போனுமாக, “முதல்ல டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. அப்புறம் வண்டிக்குச் சொல்லுங்க. அழறதை அப்புறம் வச்சுக்கலாம், நான் இதோ வந்துட்டேன்,” என்பார். தட்டு அப்படியே இருக்கும், ஆள் இருக்க மாட்டார். இருவரும் சண்டை போட்டுப் பிரியவில்லை. சண்டை போட அவர் வீட்டில் இருந்தால்தானே. ஒரு நாள் அவள், “நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்,” என்றாள். “சரி, நான் கொண்டுபோய் விடறேன்,” என்றார். வழியில் போன் வந்தது. பாதியில் இறக்கிவிட்டு ஓடினார். அவள் ஆட்டோ பிடித்துப் போனாள். அவ்வளவுதான் அவர்களுடைய விவாகரத்து. மற்றதெல்லாம் கையெழுத்து.

சில வருடங்கள் கழித்து, அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த நர்சரிப் பள்ளி டீச்சரை அவர் கல்யாணம் செய்துகொண்டார். டீச்சர் இவளைவிட மூன்று வயது பெரியவள். ஆனாலும் முதல் சந்திப்பிலேயே ‘அக்கா’ என்றாள். “வயசுல நான்தானே சின்னவ?” என்று இவள் கேட்டதற்கு, “வந்த வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா,” என்றாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகிய வாய்.

ஆஸ்பத்திரியில் டீச்சர் சுவரோர பெஞ்சில் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மருந்துக்கடைக்காரர், கார் சாவியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி. டிரைவிங் டெஸ்ட்டில் எத்தனை தடவை தோற்றோம் என்று எண்ணுவதையே விட்டுவிட்ட மனிதர் அவர். காலையில் பாடம் படித்துக்கொண்டிருந்தது அவர்தான். வாத்தியார் பக்கத்து சீட்டில் தலை சாய்ந்ததைப் பார்த்ததும், கடைவீதியின் நெரிசலுக்குள் புகுந்து நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். “ஒரு தடவைகூட வண்டி ஆஃப் ஆகலம்மா,” என்றார் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல. “வாழ்க்கையிலேயே முதல் தடவை. அதை அவர் பாக்கல.”

“ஊர்ல யார் செத்தாலும் அவருக்குத்தான் போன் பண்ணுவாங்க,” என்றாள் டீச்சர். “எங்க அப்பா போனப்ப, அம்மா போனப்ப, எல்லாம் அவர்தான். இப்ப அவருக்கே... கையில போனை வச்சுக்கிட்டு யாரைக் கூப்பிடறதுன்னு யோசிச்சேன். அவர் நம்பர்தான் முதல்ல ஞாபகம் வந்துச்சு. அடுத்தது நீங்க.”

இவள் கவுன்டருக்குப் போனாள். என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அவரோடு இருந்த வருடங்களில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வேண்டா வெறுப்பாகக் காதில் வாங்கிக்கொண்ட அத்தனையும் வரிசை மாறாமல் ஞாபகம் வந்தது. முதலில் டாக்டர். பிறகு சான்றிதழ். பிறகு வண்டி. அழுவது அப்புறம்.

கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“முன்னாள்...” என்று ஆரம்பித்தாள்.

“முன்னாள்னா? கவுன்சிலரா?”

பின்னால் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்துத் திரும்பினாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் அது அழுகை இல்லை. இவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆமாங்க,” என்றாள் கவுன்டர்காரரிடம். “ரெண்டு தடவை ஜெயிச்சவர். நான் முதல் தடவை.” அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ‘உறவினர்’ என்று எழுதிக்கொண்டார்.

இறுதிச் சேவை நிலையத்தில் ஏசி போட்டு, மெத்தை நாற்காலி போட்டு, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்திருந்தார்கள். டை கட்டிய இளைஞன் ஒருவன் மெல்லிய குரலில் சவப்பெட்டிகளைக் காட்டினான். ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே போட்டிருந்த வெல்வெட்டைத் தட்டிக் காட்டினான். “இது ரொம்ப வசதியா இருக்கும் மேடம்.”

“யாருக்கு?” என்றாள் டீச்சர்.

அவன் யோசித்தான். நேர்மையான பையன். “அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம்,” என்றான். ஆஸ்பத்திரியில் அடக்கிவைத்ததெல்லாம் அங்கே உடைந்தது. இரண்டு பெண்களும் வெல்வெட் பெட்டிகளுக்கு நடுவே நின்று, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்கள். அந்தப் பையன் கதவைச் சாத்திவிட்டு இன்னும் இரண்டு குவளை தண்ணீர் கொண்டுவந்தான். கடைசியில் வெல்வெட் இல்லாத, வெறும் மரப்பெட்டி ஒன்றைச் சொன்னார்கள். மெத்தென்றிருந்தால் வாத்தியாருக்குத் தூக்கம் வராது என்பதில் இருவருக்கும் இரண்டு கருத்து இல்லை.

உடுத்திவிடத் துணி வேண்டும் என்றார்கள். டீச்சரின் வீட்டுக்குள் இவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. அலமாரியைத் திறந்தாள். சட்டைகள் இஸ்திரி போட்டு வரிசையாகத் தொங்கின. தன்னோடு இருந்த காலத்தில் முந்தின நாள் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு ஓடிய மனிதர். இவள் சொல்லிச் சொல்லிச் சலித்த ஒன்றை இன்னொருத்தி சொல்லாமலே சாதித்திருக்கிறாள் என்று நினைத்தபோது, வந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது.

“அதெல்லாம் நான்தான் போடறேன்,” என்றாள் டீச்சர், மனதைப் படித்தவள்போல. “அவர் எங்க போட்டார். ஞாயித்துக்கிழமை பூரா எனக்கு அந்த வேலைதான். ஆளைத்தான் உக்கார வைக்க முடியல, சட்டையாவது ஒழுங்கா இருக்கட்டுமேன்னு.” பிறகு இழுப்பறையைத் திறந்து அவருடைய படிக்கும் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். காதில் மாட்டும் ஒரு பக்கக் கொம்பு ஒடிந்திருந்தது. “நேத்துதான் உடைச்சார். இந்த வாரம் உங்க கடைக்கு வந்திருப்பார்.”

அவள் வாங்கிப் பார்த்தாள்.

“ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?” டீச்சர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “அது தானா உடையறதில்லக்கா. அவரே உடைப்பார். வாசல்ல நின்னு, நான் பாக்கலன்னு நெனச்சு, இப்படி வச்சு ஒரு அழுத்து. உங்களைப் பாத்து, நல்லா இருக்கீங்களான்னு தெரிஞ்சுக்க ஒரு சாக்கு. சும்மா போய் எப்படி இருக்கேன்னு கேக்க அவருக்குக் கூச்சம். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது.”

ஒடிந்த இடத்தை அவள் கட்டைவிரலால் தடவினாள். “எனக்கும் தெரியும்,” என்றாள். “பிரேம் தானா உடைஞ்சா கீல்கிட்டதான் உடையும். இவர் கொண்டு வர்றது எல்லாம் நடுவுல ஒடிஞ்சிருக்கும். சொன்னா வராம இருந்துடுவாரோன்னு நானும் சொல்லல.”

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னுடையது என்று யாருக்கும் காட்டாமல் இத்தனை நாள் வைத்திருந்த சின்னப் பொருள் ஒன்றை இன்னொருத்தியும் பத்திரமாக வைத்திருந்தாள் என்று தெரிந்ததில் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கனம் குறைந்தது போலத்தான் இருந்தது. நீல நிறத்தில் கட்டம் போட்ட சட்டையை எடுத்தாள். டீச்சரும் அதே சட்டைக்குத்தான் கை நீட்டியிருந்தாள்.

மறுநாள் காலையில் நாத்தனார் வந்து இறங்கினார். வாத்தியாருக்கு மூத்தவர், ஒரே உடன்பிறப்பு. பெண்கள் சிறையில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்வு பெற்றிருந்தது, குரல் பெறவில்லை. வீட்டு வாசலில் நின்றிருந்த மாணவர்கள் கூட்டம் அவரைக் கண்டதும் தானாக இரண்டு வரிசையானது. உள்ளே வந்தவர் டீச்சரைக் கட்டிக்கொண்டார். பிறகு இவளைப் பார்த்தார்.

“நீ எங்க இங்க?”

“ஏற்பாடெல்லாம் அக்காதான் பாக்கறாங்க அண்ணி,” என்றாள் டீச்சர்.

“ஏற்பாடு ஒண்ணும் வேண்டாம். நான் வண்டி சொல்லியிருக்கேன். அவன் என்னோட வர்றான். எங்க ஊர்ல, எங்க அப்பா அம்மா பக்கத்துல இடம் இருக்கு. அவனே எங்கிட்ட சொல்லியிருக்கான், ‘அக்கா, என்னை அங்கதான் வைக்கணும்’னு.”

டீச்சரின் முகம் வெளுத்தது. நர்சரிப் பிள்ளைகளைத் தவிர யாரையும் அதட்டி அறியாதவள். ஆனாலும் சொன்னாள். “எங்கிட்ட இங்க, ஏரிக்கரை மயானத்துலன்னு சொன்னார். மரத்தடியில.”

எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். பொய் சொல்ல முடியவில்லை. “எங்கிட்ட எரிச்சிடணும்னு சொன்னார். இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கக் கூடாதுன்னு.”

டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாருக்கு உதவியாக இருந்த சின்ன வாத்தியார் தொண்டையைச் செருமினார். “எங்கிட்ட உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துடணும்னார்.”

“எங்கிட்ட,” என்றார் மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கி, “சாகவே மாட்டேன்னார்.”

வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று சமையலறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். யாரும் பின்னால் போகத் துணியவில்லை. இவள் போனாள். அவர்கள் குடும்பத்து மருமகளாக இருந்த காலத்தில் அந்தக் குரலுக்குப் பயந்து பாத்திரங்களைச் சத்தமில்லாமல் கழுவப் பழகியவள்.

“அண்ணி, அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? யார் எதிர்ல உக்காந்திருக்காங்களோ அவங்களுக்குப் பிடிச்சதைத்தான் சொல்வார். பொய் கிடையாது. சொல்ற அந்த நேரத்துல மனசாரத்தான் சொல்வார். அவர் என்ன சொன்னார்னு தேடிப் பிரயோஜனம் இல்ல. நாமதான் முடிவு பண்ணணும்.”

“நாமன்னா? நீ யாரு?”

நிலைப்படியிலிருந்து வந்தது பதில். “நான் கூப்பிட்டு வந்தவங்க,” என்றாள் டீச்சர். குரல் சன்னமாகத்தான் இருந்தது, ஆனால் நடுங்கவில்லை. “நேத்து காலையிலேர்ந்து என் கூடவே இருக்கறவங்க. அவரை எனக்கு முன்னாடியே தெரிஞ்சவங்க. அவங்க இல்லாம நான் எதுவும் செய்யறதா இல்ல அண்ணி.”

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ கைதிகளின் கூட்டணிகளை உடைத்த கண்கள். இது உடையாது என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தோள்கள் தளர்ந்தன. அப்போதுதான் அவர் எவ்வளவு சிறிய உருவம் என்பது தெரிந்தது. “எனக்குன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான்,” என்றார். “உசிரோட இருக்கும்போது வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், வந்த ஒரு மணி நேரத்துல ஓடிடுவான். இப்பவாவது பக்கத்துல வச்சுக்கிட்டா, நினைச்சப்ப போய் ரெண்டு திட்டு திட்டிட்டு வரலாம்னு பாத்தேன். இனிமே ஓட முடியாதில்ல.”

அதே ஆசையைத்தான் இவளும் எத்தனையோ வருடம் வைத்திருந்தாள், ஒரு மணி நேரம் உட்கார மாட்டாரா என்று.

“அப்ப நீங்க இங்க வந்துடுங்க அண்ணி,” என்றாள் டீச்சர். “மயானம் நான் ஸ்கூலுக்குப் போற வழியிலதான். தினமும் திட்டலாம்.”

யோசிக்காமல் சொன்ன சொல் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சொன்ன பிறகு டீச்சரே திடுக்கிட்டு இவளைப் பார்த்தாள். என்ன காரியம் செய்தாய் என்று இவளும் பார்த்தாள். நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சமையலறையைச் சுற்றி ஒரு பார்வை. அடுப்பு, அலமாரி, ஜன்னல்.

“ஒரு வாரம் இருந்து பாக்கறேன்,” என்றார். “இந்த டப்பாவெல்லாம் யாரு இப்படிக் கன்னாபின்னான்னு அடுக்கினது?”

வெளியே அடுத்த பிரச்சினை காத்திருந்தது. மாணவர்கள் எல்லாரும் வாத்தியாரின் பின்னால் வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். பழைய மாணவர்கள் பற்றிக் கவலை இல்லை. இன்னும் லைசென்ஸ் வாங்காதவர்களும் பிடிவாதமாக நின்றார்கள். பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார், மீதிப் பாடத்தை அவர் முன்னால்தான் ஓட்டுவோம் என்றார்கள். சின்ன வாத்தியார் சட்டம் பேசினார். எல் போர்டு வண்டியில் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார வேண்டும். அவ்வளவுதானே என்று இவள் களத்தில் இறங்கினாள். துக்கத்துக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்தி, “லைசென்ஸ் இருக்கா? நீங்க அந்த வண்டி. உங்களுக்கு இருக்கா? நீங்க தையல்காரம்மா கூட,” என்று ஜோடி சேர்த்தாள். கல்யாணத் தரகர்கூட இத்தனை வேகமாகச் சேர்த்திருக்க மாட்டார். மருந்துக்கடைக்காரரின் பக்கத்தில் உட்கார மட்டும் ஆள் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் அவருடைய புகழ் தெரிந்திருந்தது.

“எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு,” என்றார் நாத்தனார். “சிறை வேன் ஓட்டியிருக்கேன்.” மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அமரர் ஊர்தி முன்னால் போனது. அதன் பின்னால் முதல் காரை இவள் ஓட்டினாள், பக்கத்தில் டீச்சர். அதற்குப் பின்னால் ஊரே பார்த்திராத ஒரு ஊர்வலம். சிவப்பு எழுத்து மாட்டிய வண்டிகள் ஒன்றுக்கொன்று ஒரு லாரி நுழையும் இடைவெளி விட்டு, ஆமை வேகத்தில் வந்தன. முதல் சிக்னலில் பச்சை விழுந்ததும் மூன்றாவது வண்டி ஆஃப் ஆனது. அதைப் பார்த்த பதற்றத்தில் நான்காவதும் ஆனது. மறுபடி சிவப்பு விழுந்தது. அடுத்த பச்சையில் தையல்காரம்மா வைப்பரைப் போட்டுவிட்டார், மழையில்லாத வானத்தின் கீழ் அது கிறீச் கிறீச்சென்று கண்ணாடியைத் தேய்த்தது. நடைபாதையில் நின்றவர்கள் முதலில் கை கூப்பினார்கள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்கள். போக்குவரத்துக் காவலர் நிலைமையைப் புரிந்துகொண்டு, மற்ற எல்லாச் சாலைகளையும் நிறுத்திவிட்டு நடுரோட்டில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அவரும் வாத்தியாரின் பழைய மாணவர்தான்.

ஊர்தியின் டிரைவர் இறங்கி வந்து இவளுடைய ஜன்னலைத் தட்டினார். “அம்மா, இந்த வேகத்துல போனா அடுத்த சாவுக்கு என்னால போக முடியாது.”

“அவங்க காத்திருப்பாங்க,” என்றாள் டீச்சர். “அவசரமா போக அவங்களுக்கு என்ன வேலை?”

பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் ஏழெட்டு வண்டிகளைத் தாண்டிக் கேட்டது. “கிளட்சை மெதுவா விடு! மெதுவா! யாரும் உன்னைச் சுடப் போறதில்ல!” இவள் காரின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தாள். மருந்துக்கடைக்காரரின் வண்டி ஒரு குதி குதித்து, பிறகு வெண்ணெய் போல நகர்ந்தது.

மயானத்தில் எந்தச் சடங்கும் இல்லை. பிரியப்பட்டவர்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை பேசலாம் என்று இவள் சொல்லியிருந்தாள். மரம் ஒன்று நிஜமாகவே இருந்தது. குழிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். வழுவழுப்பான பேச்சுகள். சிறந்த மனிதர், ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார்கள். கேட்கக் கேட்க இவளுக்கு வேறு யாரையோ புதைக்க வந்துவிட்டோம் என்று தோன்றியது. தான் பேச வேண்டுமா, பேசினால் என்னவாக நின்று பேசுவது என்ற குழப்பத்தில் அவள் பின்வரிசைக்கு நழுவியிருந்தாள். அப்போது மருந்துக்கடைக்காரர் முன்னால் வந்தார்.

“கடைசியா என்ன சொன்னார்னு எல்லாரும் கேக்கறாங்க,” என்றார். “நான் இதுவரைக்கும் யாருக்கும் சொல்லல. பெருசா ஏதாவது சொல்லியிருப்பார்னு நினைக்கறீங்க. எனக்கும் அப்படி ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லிடலாம்னு ஆசையாத்தான் இருந்தது.” மூச்சை இழுத்துக்கொண்டார். “‘திரும்பி எவ்வளவு நேரமாச்சு, அந்த இன்டிகேட்டரை ஆஃப் பண்ணுய்யா’ன்னார். அவ்வளவுதான். அப்புறம் சாஞ்சுட்டார்.”

முதலில் சிரித்தது நாத்தனார். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அவனேதான்! அவனேதான்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. குழி வெட்டியவர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். இப்போதுதான் ஆள் வந்து சேர்ந்திருந்தார் என்று இவளுக்குப் பட்டது. நீலக் கட்டம் போட்ட சட்டையில், பெட்டிக்குள், உண்மையிலேயே அவரேதான். சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு எந்த இடத்தில் அழுகை வந்தது என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து தள்ளிப்போட்டது மொத்தமும் வந்தது. கூட்டத்துக்குள் கையை நுழைத்துத் தேடிய டீச்சர் அவளுடைய மணிக்கட்டைக் கண்டுபிடித்து, முன்வரிசைக்கு இழுத்து, தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். இருவரும் சேர்ந்து முதல் பிடி மண்ணைப் போட்டார்கள். அது மரப்பெட்டியின்மேல் விழுந்த சத்தம் யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தார்கள். மயானத்துக்கு வரும் சந்து ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் மதில். திருப்ப இடம் கிடையாது. முன்னால் வந்த ஊர்தி மயானத்துக்குள்ளேயே சுற்றி வேறு வாசல் வழியாகப் போய்விட்டிருந்தது, அந்த வாசலையும் பூட்டிவிட்டார்கள். அத்தனை எல் போர்டு வண்டிகளும் பெரிய சாலை வரைக்கும் ரிவர்ஸிலேயே போயாக வேண்டும். சின்ன வாத்தியார் தலையில் கை வைத்து மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். ரிவர்ஸ் பாடத்தை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றார்.

இவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். டீச்சர் பக்கத்தில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை சீட்டின்மேல் மடித்துக்கொண்டாள். “பசிக்குதுக்கா,” என்றாள், இரண்டு நாளில் முதல் தடவையாக. பின்னால் ஆளாளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் ஒடி, இல்லை வலப்பக்கம், நேராக வை, பிரேக், பிரேக். எஞ்சின்கள் உறுமின, நின்றன, மறுபடி உறுமின. எதுவும் நகரவில்லை.

பிறகு ஒரு கதவு படீரென்று சாத்தும் சத்தம். கூச்சல் அடங்கியது. அவள் காரின் பின்பார்வைக் கண்ணாடியை நிமிர்த்திப் பார்த்தாள். சந்தின் அந்தக் கோடியில், வெயிலும் புழுதியுமாகக் கிடந்த வெளிச்சத்தில், நாத்தனார் நின்றிருந்தார். கைப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து நடந்துகொண்டே, தூக்கிய கையைத் தன் பக்கமாக அசைத்து, “வா... வா... பயப்படாதே, வா... இன்னும் வா,” என்று அழைத்தார். கோணலும் மாணலுமாக, மதிலை உரசாமல், ஒன்றன்பின் ஒன்றாக, அத்தனை வண்டிகளும் முதுகைக் காட்டிக்கொண்டு அவரை நோக்கி நகரத் தொடங்கின.